ஓடும் வண்டியின் புகையை அரை விநாடியில் அளக்கும் சாலையோரக் கருவி: எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு நம்பலாம்?

வாகனப் புகையைச் சாலையிலேயே கண்காணிக்கப் போவதாக ஏதாவதொரு நகரம் அறிவிக்கும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. புகைச் சான்றிதழ் செல்லுபடியாக இருக்கும் வண்டிக்கு எப்படி நோட்டீஸ் அனுப்ப முடியும்? முன்னால் போன லாரியின் புகை என் கணக்கில் சேர்ந்துவிடாதா? இரண்டுமே நியாயமான கேள்விகள். கருவி எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று தெரிந்துகொண்டால் இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

## ஒரே பெயரில் நான்கு வேலைகள்

"சாலையோரக் கண்காணிப்பு" என்ற பெயரில் செய்திகளில் நான்கு வெவ்வேறு விஷயங்கள் வருகின்றன.

1. காற்றுத்தர நிலையம். சாலை ஓரத்தில் நிற்கும் பெட்டி. ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் மாசு இருக்கிறது என்று சொல்லும். அது எந்த வண்டியிலிருந்து வந்தது, வண்டியிலிருந்துதான் வந்ததா என்பது அதற்குத் தெரியாது.

2. நம்பர் பிளேட் கேமரா. 2019-ல் தொடங்கிய லண்டனின் மிகக் குறைந்த உமிழ்வு மண்டலம் இதை நம்பித்தான் நடக்கிறது. வண்டி எந்த உமிழ்வுத் தரத்தில் பதிவானது என்று ஆவணத்தில் பார்த்துக் கட்டணம் விதிக்கிறது. புகையை அது அளப்பதே இல்லை.

3. வண்டியை ஓரங்கட்டி, புகைக்குழாயில் ஆய்வுக் குழாயைச் செருகி அளப்பது. நம்பகமானது, ஆனால் மெதுவானது. ஒரு குழு நாள் முழுக்க நின்றாலும் சாலையில் போகும் வண்டிகளில் சிறு பங்கைத்தான் சோதிக்க முடியும்.

4. தொலையுணர் அளவீடு. வண்டியை நிறுத்தாமல், சாலைக்குக் குறுக்கே ஒளிக்கற்றையைச் செலுத்தி, பின்னால் மிதக்கும் புகையை அளப்பது. பரபரப்பான ஒரு வழித்தடத்தில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான வண்டிகளை அளக்கலாம்.

இந்தக் கட்டுரை நான்காவதைப் பற்றியது. அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்டெட்மனும் கேரி பிஷப்பும் 1980-களின் பிற்பகுதியில் உருவாக்கிய கருவியிலிருந்து இந்த முறை வளர்ந்தது. முதலில் கார்பன் மோனாக்சைடை மட்டும் அளந்தார்கள். ஹைட்ரோகார்பன், நைட்ரிக் ஆக்சைடு, அம்மோனியா எல்லாம் பிறகு சேர்ந்தன.

## சான்றிதழ் இருந்தும் ஏன் புகை?

பெரும்பாலான நாடுகளில் நடக்கும் எளிய புகைச் சோதனை, வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது எடுப்பது. பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்ப்பார்கள். டீசல் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை ஒரே அழுத்தாக அழுத்திப் புகையின் கருமையைப் பார்ப்பார்கள். நைட்ரஜன் ஆக்சைடுகள் (நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும்) இந்தச் சோதனையில் வருவதே இல்லை. வந்தாலும் பெரிய பயன் இல்லை. காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர எஞ்சினுக்குள் கடும் வெப்பம் வேண்டும். சுமை இழுக்காமல் சும்மா ஓடும் எஞ்சினில் அந்த வெப்பம் எழாது. நிற்கும்போது சுத்தமாகத் தெரியும் வண்டி, மேம்பாலம் ஏறும்போது வேறு வண்டியாக இருக்கலாம்.

ஆய்வகச் சோதனைக்கும் எல்லை உண்டு. 2015 செப்டம்பரில் வெளியான வோக்ஸ்வாகன் விவகாரம் இதைத் தெளிவாகக் காட்டியது. சோதனை நடப்பதை மென்பொருள் உணர்ந்துகொண்டு அப்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தியது. சாலையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் அமெரிக்க வரம்பைப் போல 40 மடங்கு வரை போயின. சாலையில் அளந்து பார்த்ததால்தான் அது பிடிபட்டது. மோசடியே இல்லாவிட்டாலும் வண்டி பழசாகும், சென்சார் செத்துப்போகும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை யாராவது கழற்றி விற்றுவிடுவார்கள். இவை எதுவும் அடுத்த சோதனைத் தேதிக்காகக் காத்திருப்பதில்லை.

## கருவியில் என்ன இருக்கிறது

ஒற்றை வழித்தடத்தின் ஒரு பக்கத்தில் ஒளி மூலமும் உணரியும் இருக்கும். எதிர்ப்பக்கத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி. கற்றை கார்களின் புகைக்குழாய் உயரத்தை ஒட்டித் தாழ்வாகப் போகும். ஒளியில் இரண்டு வகை: அகச்சிவப்பும் புற ஊதாவும். ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளியை விழுங்கும். கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரோமீட்டரிலும், கார்பன் மோனாக்சைடு 4.6 மைக்ரோமீட்டரிலும், ஹைட்ரோகார்பன்கள் சுமார் 3.4 மைக்ரோமீட்டரிலும் அகச்சிவப்பை உறிஞ்சுகின்றன. நைட்ரிக் ஆக்சைடுக்கு 226 நானோமீட்டர் அளவிலான புற ஊதா வேண்டும். இவற்றோடு வேகத்தையும் முடுக்கத்தையும் அளக்கும் லேசர் இணை, பின்பக்க நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும் கேமரா, சிறிய வானிலைக் கருவி ஆகியவையும் இருக்கும்.

வண்டி கடக்கும்போது நடப்பது இதுதான்:

1. வண்டி வருமுன் சாலைக் காற்றின் பின்னணி அளவை எடுத்துவைக்கும்.
2. வண்டியின் உடல் கற்றையை மறைக்கும். மறைப்பு விலகியதும் அளவீடு தொடங்கும்.
3. அடுத்த அரை விநாடிக்கு, விநாடிக்கு 100 முறை என்ற கணக்கில், சுமார் 50 அளவுகள் பதிவாகும்.
4. அதே நேரத்தில் வேகம், முடுக்கம், நம்பர் பிளேட் படம் பதிவாகும்.
5. பின்னணியைக் கழித்த பிறகு போதுமான கார்பன் டை ஆக்சைடு தென்பட்டால்தான் அளவு செல்லுபடியாகும். இல்லாவிட்டால் அந்தப் பதிவு தள்ளப்படும்.

முன்னால் போன லாரியின் புகை பற்றிய கேள்விக்கு ஒரு பகுதி விடை முதல் படியில் இருக்கிறது: அந்தப் புகை பின்னணியாகவே கழிந்துவிடும். முழு விடை இல்லை. இரண்டு வண்டிகள் ஒட்டிக்கொண்டு போனால் பின்னணி நிலையாக இருக்காது. அதனால்தான் இடைவெளி குறைந்த பதிவுகளை ஒழுங்கான திட்டங்கள் ஏற்பதில்லை.

## அளவு அல்ல, விகிதம்

இந்த முறையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. புகை வெளியே வந்ததும் காற்றில் கரைந்து பரவுகிறது. எத்தனை மடங்கு கரைந்தது என்று கருவிக்குத் தெரியாது. காற்றடித்தால் பத்து மடங்கு, வண்டி வேகமாகப் போனால் நூறு மடங்கு என்று மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு கரைகிறதோ, அதே அளவுதான் கூடவே வந்த கார்பன் டை ஆக்சைடும் கரையும். எனவே இரண்டின் விகிதம் மாறாது. 50 அளவுகளையும் வரைபடத்தில் இட்டு நேர்கோடு போட்டால், அந்தக் கோட்டின் சாய்வே விகிதம். புள்ளிகள் கோட்டை ஒட்டி நின்றால் நல்ல அளவு; சிதறிக் கிடந்தால் நம்பக் கூடாது.

எரிபொருளிலுள்ள கார்பன் முழுவதும் ஏதோவொரு வடிவில் புகையாகத்தான் வெளியேற வேண்டும். ஆகவே விகிதம் தெரிந்தால், ஒரு கிலோ எரிபொருளுக்கு எத்தனை கிராம் மாசு என்று கணக்கிடலாம். ஒரு பெட்ரோல் காரில் கார்பன் மோனாக்சைடுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதம் 0.1 என்று வைத்துக்கொள்வோம். ஹைட்ரோகார்பன் மிகக் குறைவு என்று விட்டுவிடலாம். கார்பன் மோனாக்சைடின் மூலக்கூறு எடை 28. பெட்ரோலில் ஒரு மோல் கார்பனுக்கு ஏறக்குறைய 0.014 கிலோ எரிபொருள். 28-ஐ 0.1-ஆல் பெருக்கி, அதை 1.1 (கார்பன் டை ஆக்சைடின் 1-உம் மோனாக்சைடின் 0.1-உம் சேர்ந்த மொத்தக் கார்பன்), 0.014 இரண்டின் பெருக்கலால் வகுத்தால், கிலோவுக்குச் சுமார் 182 கிராம். அந்தக் கார் கிலோமீட்டருக்கு 0.05 கிலோ பெட்ரோல் குடித்தால், கிலோமீட்டருக்கு 9 கிராம். ஐரோப்பிய உமிழ்வுத் தரமான யூரோ 6-ன் வரம்பு 1 கிராம். விகிதம் 0.002 உள்ள ஆரோக்கியமான காரில் அதே கணக்கு 0.2 கிராமில் நிற்கும்.

கடைசிப் படியைக் கவனியுங்கள். கிலோ எரிபொருளுக்கு எவ்வளவு என்பது அளவீட்டிலிருந்து வருகிறது. கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதில் எரிபொருள் நுகர்வு பற்றிய அனுமானம் கலந்துவிடுகிறது. "வரம்பைப் போல இத்தனை மடங்கு" என்று தலைப்புகளில் வரும் எண்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை. அவை பொய்யல்ல, பிழை எல்லை கூடுதலாக உள்ளவை.

## அந்த நொடியில் வண்டி என்ன செய்தது?

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய எஞ்சின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும். அப்போது கார்பன் டை ஆக்சைடு இராது, விகிதத்துக்குப் பொருளும் இராது. மாறாக, முழு அழுத்தில் ஏறும் வண்டி சில நொடிகளுக்கு வேண்டுமென்றே கூடுதல் எரிபொருளைக் குடிக்கும். சுத்தமான காரும் அந்த நேரத்தில் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். எனவே எஞ்சின் மீதான சுமை தெரியாமல் எந்த அளவையும் படிக்கக் கூடாது.

இதற்குப் பயன்படுவது வாகனத் தற்திறன்: ஒரு டன் எடைக்கு எத்தனை கிலோவாட் என்ற கணக்கு. சாதாரணக் கார்களுக்கு வழக்கத்தில் உள்ள சூத்திரத்தைப் படிப்படியாகச் சொன்னால்:

1. முடுக்கத்தை 1.1-ஆல் பெருக்கவும்.
2. சாலை ஏற்றத்தை (2 விழுக்காடு என்றால் 0.02) 9.81-ஆல் பெருக்கிச் சேர்க்கவும்.
3. டயர் உராய்வுக்காக 0.132 சேர்க்கவும்.
4. மொத்தத்தை, விநாடிக்கு மீட்டரில் உள்ள வேகத்தால் பெருக்கவும்.
5. காற்றுத் தடைக்காக, வேகத்தின் மும்மடியை 0.000302-ஆல் பெருக்கிச் சேர்க்கவும்.

மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், 2 விழுக்காடு ஏற்றத்தில், 0.5 முடுக்கத்தில் (விநாடிக்கு விநாடி 0.5 மீட்டர் வேகம் கூடும்படி) போகும் காருக்கு 9.1 வரும். வேலை செய்யும் எஞ்சின், அளவு செல்லுபடியாகும். அதே கார் அதே இடத்தில் 0.5 வேகக்குறைப்பில் போனால் மைனஸ் 1.9. அந்தப் பதிவைக் குப்பையில் போட வேண்டும்.

கருவியை எங்கே நிறுத்துவது என்பதும் இதனால்தான் முக்கியமாகிறது. லேசான ஏற்றமும் சீரான முடுக்கமும் உள்ள ஒற்றை வழித்தடம் நல்ல இடம். மேம்பால ஏறுபாதை பொருத்தமானது. வாகன நிறுத்துமிடத்தின் வாசல் மோசமான இடம். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். இப்போதுதான் கிளப்பிய வண்டி எதுவாக இருந்தாலும் அங்கே குற்றவாளியாகத் தெரியும்.

## எங்கே தவறும்

மழையும் பனிமூட்டமும் ஒளியைச் சிதறடிக்கும். ஈரச் சாலையில் டயர் கிளப்பும் நீர்த்துளிகளும் அப்படியே. பலத்த காற்று புகையைக் கற்றைக்கு வரும்முன்பே கலைத்துவிடும். அளவுத்திருத்தம் செய்யாத கருவி மெல்ல மெல்ல விலகும். இதைத் தடுக்க, செறிவு சான்றளிக்கப்பட்ட வாயுக் கலவையை உருளையிலிருந்து கற்றைக்குள் பீய்ச்சி, நாளின் தொடக்கத்திலும் இடையிடையேயும் சரிபார்க்க வேண்டும். இந்தப் பதிவேடு இல்லாத தரவுக்கு மதிப்பே கிடையாது.

ஹைட்ரோகார்பன் அளவை மட்டும் தனியாகச் சந்தேகிக்கலாம். அந்தப் பெயரில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்கின்றன. கருவி அவற்றில் ஒரு பகுதியைத்தான் பார்க்கிறது. இயற்கை எரிவாயு வண்டிகள் விடும் மீத்தேன் பல கருவிகளின் கண்ணில் சரியாகப் படாது.

டீசல் வண்டிகளில் நைட்ரஜன் டை ஆக்சைடின் பங்கு கணிசமாக இருக்கும். நைட்ரிக் ஆக்சைடை மட்டும் அளக்கும் கருவி டீசலுக்குச் சலுகை காட்டுகிறது என்றே பொருள். இரு சக்கர வண்டிகளின் புகை சிறியது, சீக்கிரம் கரைந்துவிடும். இரண்டு மூன்று சேர்ந்து கடந்தால் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. அவற்றில் செல்லாத பதிவுகள் மிகுதி.

## ஒரு வண்டியைக் குற்றம் சாட்டலாமா?

கணக்கைப் பார்த்துவிடலாம். 1,00,000 வண்டிகள் கடக்கின்றன. உண்மையில் கெட்டவை 3,000 என்று வைத்துக்கொள்வோம். கருவி கெட்ட வண்டிகளில் 90 விழுக்காட்டைப் பிடிக்கிறது. நல்ல வண்டிகளில் 2 விழுக்காட்டைத் தவறாகப் பிடிக்கிறது.

1. ஒரே ஒரு அளவை நம்பினால்: 2,700 கெட்டவை, 1,940 நல்லவை. நோட்டீஸ் பெறும் பத்துப் பேரில் நான்கு பேர் நிரபராதிகள்.
2. தனித்தனியான இரண்டு அளவுகளிலும் சிக்கினால்தான் என்றால்: 2,430 கெட்டவை, 39 நல்லவை.

இரண்டாவது அளவு கேட்பதால் இழப்பது 270 வண்டிகள். காப்பாற்றப்படுவது 1,901 பேர். ஒரே அளவில் அபராதம் விதிக்கும் எந்தத் திட்டத்தையும் எதிர்க்க இந்தக் கணக்கே போதும். ஆனால் "தனித்தனியான" என்ற சொல் முக்கியம். சில மீட்டர் இடைவெளியில் இரண்டு கருவிகளை வைத்தால் கருவியின் இரைச்சலும் நொடிப்பொழுதுத் தாவல்களும் அகலும். வண்டி குளிர்ந்திருந்தால் இரண்டுமே ஏமாறும். வெவ்வேறு நாட்களில் எடுத்த அளவுகள்தான் அந்தப் பிழையையும் களையும்.

ஹாங்காங் 2014 செப்டம்பர் 1 முதல் பெட்ரோல், எல்பிஜி வண்டிகளை இப்படி வடிகட்டுகிறது. வரிசையாக இரண்டு கருவிகளை வைக்கிறார்கள். சிக்கிய வண்டியின் உரிமையாளர் 12 வேலை நாட்களுக்குள் வண்டியைப் பழுதுபார்த்து, உருளைகள் மீது ஓட்டிச் செய்யும் சுமைச் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் உரிமம் ரத்தாகலாம். அதற்கு முன்பே எல்பிஜி டாக்சிகளுக்கும் சிறு பேருந்துகளுக்கும் தேய்ந்த கன்வெர்ட்டர்களை அரசுச் செலவில் மாற்றிக் கொடுத்தார்கள். வண்டியோட்டிப் பிழைப்பவர்களை முதலில் அடிக்காமல் உதவியோடு தொடங்கிய அந்த வரிசைமுறை எல்லா நகரங்களுக்கும் பொருந்தும்.

சீனா 2017-ல் டீசல் வண்டிகளுக்கென்று தேசியத் தரமே வெளியிட்டது. அங்கும் ஆறு மாதங்களுக்குள் ஒரே மாசு இரண்டு முறை வரம்பு மீறினால்தான் கணக்கில் எடுக்கப்படும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் இதைத் தலைகீழாகவும் பயன்படுத்துகிறது: சாலையில் சுத்தமாகப் பதிவான வண்டிகள் சோதனை நிலையத்துக்கு வரவே வேண்டாம். ஒழுங்காகப் பராமரிப்பவருக்கு அலைச்சல் மிச்சம்.

இந்தக் கருவி மிகச் சிறப்பாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு, அதைப் பற்றிச் செய்தி குறைவாகவே வருகிறது. ஒரே மாடலின் நூற்றுக்கணக்கான வண்டிகளின் சராசரியை எடுத்தால், தனி அளவின் பிழைகள் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். அப்போது கேள்வி ஓட்டுநரிடமிருந்து உற்பத்தியாளரிடம் போகிறது. தூய போக்குவரத்துக்கான சர்வதேச கவுன்சில் 2024-ல் வெளியிட்ட டெல்லி, குருகிராம் ஆய்வில் 20 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகள் எடுக்கப்பட்டன. இந்தியாவின் பிஎஸ் 6 உமிழ்வுத் தரத்தில் வந்த தனியார் கார்களின் நைட்ரஜன் ஆக்சைடுகள் முந்தைய தரமான பிஎஸ் 4 கார்களைவிட 81 விழுக்காடு குறைந்திருந்தன. ஆனால் சுத்தமான எரிபொருள் என்று பெயர் வாங்கிய சிஎன்ஜியில் ஓடும் ஒரு வகை இலகு சரக்கு வண்டிகள் ஆய்வக வரம்பைப் போல 14.2 மடங்கு வரை உமிழ்ந்தன. எந்தச் சோதனை நிலையத்தின் சான்றிதழிலும் இது தெரிந்திருக்காது.

## அளவு சொல்லும் பழுது

நோட்டீஸோடு வாயு வாரியான எண்களும் வந்தால் மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு தேட வேண்டியதில்லை.

1. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் சேர்ந்து கூடினால்: கலவையில் எரிபொருள் மிகுதி. ஆக்சிஜன் சென்சார், கசியும் இன்ஜெக்டர் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.
2. ஹைட்ரோகார்பன் மட்டும் கூடினால்: தீப்பொறி தவறுகிறது. ஸ்பார்க் பிளக், காயில்.
3. நைட்ரிக் ஆக்சைடு மட்டும் கூடினால்: பெட்ரோல் வண்டியில் கலவை மெலிந்திருக்கலாம். டீசலில் புகை மறுசுழற்சி வால்வு அடைத்திருக்கலாம், அல்லது நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் யூரியா கரைசல் அமைப்பை யாரோ முடக்கியிருக்கலாம்.
4. மூன்றுமே கூடினால்: கேட்டலிடிக் கன்வெர்ட்டர் செத்துவிட்டது, அல்லது அந்த இடத்தில் வெறும் குழாய்தான் இருக்கிறது.

நான்காவதைச் சரிசெய்யுமுன் முதல் இரண்டையும் பார்த்தாக வேண்டும். எரிபொருள் மிகுந்த கலவையும் தவறும் தீப்பொறியும் புதுக் கன்வெர்ட்டரையும் சில மாதங்களில் எரித்துவிடும்; போட்ட பணம் வீண்.

## கண்ணில் படாத துகள்

உடலுக்கு மிகக் கெடுதலான நுண்துகள்களில்தான் இந்தக் கருவி மிகப் பலவீனம். புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதை வைத்து அது துகளை ஊகிக்கிறது. கரும்புகை கக்கும் பழைய லாரிக்கு அது போதும். வடிகட்டி பொருத்திய புது டீசல் வண்டியில் வடிகட்டி விரிசல் விட்டிருந்தால், துகள் எண்ணிக்கை பல மடங்கு கூடியும் கண்ணுக்கோ ஒளிக்கற்றைக்கோ ஒன்றும் தெரியாது. இதற்காகவே நெதர்லாந்து 2023 முதல் ஆண்டுச் சோதனையில் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவியைக் கட்டாயமாக்கியது. ஒரு கனசென்டிமீட்டருக்கு 10 லட்சம் அங்கே வரம்பு. சாலையோரத்திலேயே காற்றைக் குழாயால் உறிஞ்சி, துகளையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்தளக்கும் முறை ஐரோப்பிய நகரங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. அதிலும் கணக்கு அதே விகிதம்தான்.

புகைக்குழாய் மேல்நோக்கி நிற்கும் கனரக வண்டிகளைத் தாழ்வான கற்றை பார்க்காது. அவற்றுக்குக் கற்றையை உயர்த்த வேண்டும், அல்லது சாலைக்கு மேலிருந்து கீழ்நோக்கி லேசரைச் செலுத்தும் கருவி வேண்டும்.

## நகரம் அறிவிக்கும்போது கேட்க வேண்டியவை

1. எந்த வாயுக்களை அளக்கிறீர்கள்? நைட்ரஜன் டை ஆக்சைடும் பட்டியலில் உண்டா?
2. எத்தனை அளவுகள், எத்தனை நாள் இடைவெளியில் பதிவானால் நோட்டீஸ்?
3. எஞ்சின் சுமைக்கான கீழ் வரம்பும் மேல் வரம்பும் என்ன?
4. உறுதி செய்யும் சோதனை சுமையோடு நடக்குமா, நிற்கவைத்தா? சாலையில் சிக்கிய வண்டியை நிற்கவைத்துச் சோதித்து "தேறியது" என்று அனுப்பினால் முழுத் திட்டமும் வீண்.
5. மாடல் வாரியான சராசரிகளைப் பொதுவில் வெளியிடுவீர்களா?
6. நம்பர் பிளேட் படங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? சுத்தமாகப் பதிவான வண்டியின் நேரத்தையும் இடத்தையும் சேமிக்க எந்தக் காரணமும் இல்லை. எரிபொருள், மாடல், தரம் ஆகியவற்றைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக்கொண்டதும் எண்ணை அழித்துவிடலாம். ஆய்வுக்கு அதுவே போதும்.